கயிற்றால் அளந்த நாடாளுமன்றம்

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் திறப்பு விழாவைக் காலையிலிருந்து தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுப் பையன் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவன். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வரலாறு கற்பித்தவள். அவன் பழைய கட்டடத்தைப் பற்றிக் கேட்டதும் மளமளவென்று சொல்லிவிட்டேன். அடிக்கல் 1921 பிப்ரவரி 12, நாட்டியவர் கன்னாட் கோமகன். திறப்பு 1927 ஜனவரி 18, வைஸ்ராய் இர்வின். வரைந்தவர்கள் எட்வின் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும். செலவு 83 லட்சம் ரூபாய். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பேனாவை மூடிவிட்டுக் கேட்டான்: "இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது டீச்சர். அங்கே உட்கார்ந்து அவர்கள் என்ன பேசினார்கள்?"

அந்தக் கட்டடத்தில் கூடி நம் அரசியல் சட்டத்தை ஆக்கிய அவை அரசியல் நிர்ணய சபை. அந்தப் பெயரை ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தச் சபையில் ஒருவர் பேசிய ஒரே ஒரு பத்தியைக்கூட அவனுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அது மனத்தை அறுத்தது. மறுநாளே விவாதத் தொகுதிகளைத் தேடினேன். பன்னிரண்டு தொகுதிகள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். 1946 டிசம்பர் 9 அன்று தொடங்கி, 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டது வரை எல்லாம் அதில் இருக்கிறது. விடியற்காலையில் காபி குடித்த கையோடு தினம் பத்துப் பக்கம் படித்தேன். படிக்கப் படிக்க, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு வந்துவிட்டது.

அப்படித்தான் 2024 ஜனவரியில், திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலைப் பேச்சு தொடங்கியது. 'நாடாளுமன்றம்: வரலாறும் கலையும்' என்று பெயர் வைத்தோம். அனுமதி இலவசம், பேச்சு தமிழில், கடைசியில் ஒரு டம்ளர் டீ. தங்கள் ஊரில், தங்கள் பேட்டையில் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் பேச்சில் நான் செய்த தவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அறுபதுக்கும் மேற்பட்ட படங்களைத் திரையில் ஓட்டினேன். வட்டக் கட்டடம், 560 அடி விட்டம், முதல் மாடித் தாழ்வாரத்தைச் சுற்றி 144 தூண்கள், ஒவ்வொன்றும் 27 அடி உயரம். நடுவில் மத்தியப் பிரதேசத்து மிதாவலி யோகினி கோயிலின் படத்தைப் போட்டு, "இந்த வட்டக் கோயிலைப் பார்த்துத்தான் நாடாளுமன்றத்தை வடிவமைத்தார்கள்" என்று சொன்னேன். கூட்டம் கைதட்டியது. கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண் எழுந்து, "இதற்கு என்ன ஆதாரம் அம்மா?" என்று கேட்டாள். எல்லோரும் சொல்வதுதான் என்று பதில் சொன்னேன். அவள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த மரியாதைதான் என்னை மிகவும் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து தேடினேன். லட்யன்ஸும் பேக்கரும் அந்தக் கோயிலைப் பார்த்ததற்கு ஆவணம் கிடையாது. ஆவணத்தில் இருப்பது வேறு கதை. பேக்கர் நினைத்தது மூன்று சிறகுகளும் நடுவில் ஒரு குவிமாடமும் கொண்ட கட்டடத்தை. லட்யன்ஸ்தான் வட்டம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மன்னர்களுக்கு ஒன்று, மேலவைக்கு ஒன்று, கீழவைக்கு ஒன்று என்று மூன்று மன்றங்களையும் அந்த வட்டத்துக்குள் அடக்கினார்கள். இரண்டு கட்டடக் கலைஞர்களின் இந்த இழுபறி எவ்வளவு சுவையான கதை! அதை விட்டுவிட்டு, கேட்பவர்கள் நெஞ்சு நிமிர வேண்டும் என்பதற்காக ஆதாரம் இல்லாததைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஐந்து நிமிடமும் அந்தத் திருத்தத்துக்கே போனது. வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன். நடந்தது நேர்மாறு. அன்றிலிருந்துதான், "இது உறுதிதானா டீச்சர்?" என்று உரிமையோடு கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது என் குறிப்பேட்டில் இடது பக்கம் சொல்லப்போகும் செய்தியும், வலது பக்கம் அதை எங்கே படித்தேன் என்பதும் இருக்கும். வலது பக்கம் காலியாக இருந்தால் இடது பக்கத்தை அடித்துவிடுவேன். பேச்சாளராக வருபவர் எவரானாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பேச்சில் முறையை மாற்றினேன். திரையும் படமும் இல்லை. எழுந்து நின்று, யார் பேசியது என்று சொல்லாமல், 1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஒருவர் பேசியதைத் தமிழில் வாசித்தேன். அதன் சாரம் இது: வரைவுக் குழுவில் ஏழு பேரை நியமித்தோம். ஒருவர் விலகினார், அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்தார். ஒருவர் இறந்தார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இன்னொருவரை அரசாங்க வேலைகள் பிடித்துக்கொண்டன. ஓரிருவர் டெல்லிக்கு வெகு தொலைவில் இருந்தார்கள். உடல்நிலையும் இடம் கொடுத்திருக்காது. கடைசியில் அரசியல் சட்டத்தை வரையும் சுமை முழுவதும் டாக்டர் அம்பேத்கர் தோளில் விழுந்தது. அதை அவர் செய்து முடித்த விதத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வாசித்து முடித்ததும் மாடியில் சத்தமே இல்லை. "பேசியவர் நம் ஊர்க்காரர். அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது; உங்களில் பாதிப் பேர் இந்த வாரம் அதில் போயிருப்பீர்கள்" என்றேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். டி.டி.கிருஷ்ணமாச்சாரி என்றதும், பின்வரிசையில் இருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் எழுந்துவிட்டார். "டி.டி.கே. சாலையா? தினமும் நாலு நடை போகிறேன் அம்மா. யார் பெயர் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை." அவர் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

அன்றுதான் எனக்கு வழி பிடிபட்டது. தொலைதூர டெல்லியில் தொடங்கினால் மக்கள் சுற்றுலாப் பயணியைப் போலக் கேட்கிறார்கள். தெருவில் தொடங்கினால் வீட்டு விஷயத்தைப் போலக் கேட்கிறார்கள். சென்னையில் இதற்குப் பஞ்சமே இல்லை. அடையாற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் துர்காபாய் தேஷ்முக் பெயரில் சாலை இருக்கிறது. அவர் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனவர். மாநிலங்களவை உறுப்பினருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று வரைவில் இருந்ததை 30 ஆக்கத் திருத்தம் கொண்டுவந்தவர். இன்றும் 30 தான். நாம் குடிக்கும் பூண்டித் தண்ணீர் வருகிற ஏரிக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். அந்தத் தீரர் சத்தியமூர்த்தி டெல்லி மத்திய சட்டசபையில் கேள்விகளால் வெள்ளை அரசைத் துளைத்தவர். அதே சட்டசபையில் 1933-இல் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று படித்தவரும் அவரே. இதைச் சொன்னபோது ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது பேச்சுக்கு, குடத்தில் ஓலை போட்டு ஊர்க் குழுவினரைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் சோழர் கல்வெட்டு உள்ள உத்திரமேரூரை எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் நாடாளுமன்றத்தைப் பற்றி எங்கே பேசினாலும், கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "ஆயிரம் வருடத்துக்கு முன்பே நாம் ஓட்டுப் போட்டுவிட்டோம்" என்பார். அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். எனக்கும் அது உண்டு. ஆனால் கல்வெட்டு சொல்வதைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்வது, மிதாவலிக் கதையைப் போன்ற இன்னொரு தவறாகிவிடும்.

அதனால் செய்து காட்டினோம். மயிலாப்பூரில் ஒரு மண்குடம் வாங்கினேன், கழுத்து குறுகியது. பனை ஓலையைக் கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கி, வந்திருந்தவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதினோம். பிறகு முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் வெட்டிய கல்வெட்டின் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் சொந்த நிலம் இருக்க வேண்டும். இல்லாதவர்களின் ஓலையை எடுத்தோம். பெரும்பாலான ஓலைகள் மேசைக்கு வந்துவிட்டன. சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் விலகினார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கல்வெட்டில் இது 30, 60 என்று இருந்தது. வேத மந்திரம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். முன்பு வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. கடைசியில் குடத்தில் போட ஓர் ஓலைகூட மிஞ்சவில்லை. பெண்கள் அத்தனை பேருடைய ஓலைகளும் மேசைமேல் கிடந்தன.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லா ஓலைகளையும் திரும்பக் குடத்தில் போட்டு, கல்வெட்டில் உள்ளபடியே குலுக்கினோம். எழுத்து அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. கூட்டத்துக்கு வந்திருந்த நான்கு வயதுக் குழந்தை கையை விட்டது. ஓலை குடத்தின் கழுத்தில் சிக்கிக்கொண்டது; இழுத்து எடுத்தது. அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. எதையும் கைக்குள் ஒளிக்க முடியாது, மாற்ற முடியாது. பெரியவர் ஒருவர் விரல்களை விரித்து நீட்டினார். அந்த விரிந்த கையின்மேல் ஓலை விழுந்தபோது, கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். வாக்குப் பெட்டியைவிட, கணக்குக் காட்டாதவனை விலக்கியதும் இந்த ஐந்து விரலும்தான் நம் முன்னோர் நமக்குக் கொடுத்த உண்மையான சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கல்வெட்டு, அரசியல் நிர்ணய சபை கூடிய டெல்லி மைய மண்டபத்திலும் ஒலித்திருக்கிறது. 1948 நவம்பரில் கிராம ஊராட்சி பற்றிய விவாதத்தில், சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டி.பிரகாசம் உத்திரமேரூரையும் குடவோலையையும் எடுத்துச் சொன்னார். ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்று சொல்லும் 40-ஆம் பிரிவு, சென்னையிலிருந்து சென்ற கே.சந்தானம் முன்மொழிந்ததால் வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் பிடித்து உத்திரமேரூருக்கே போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். சாய்வாக வெயில் விழும் நேரத்தில்தான் வெட்டெழுத்தின் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். உச்சிவெயிலில் சுவர் வெறும் கல்லாகத் தெரியும்.

கலையைப் பற்றிய பேச்சுகளில் நான் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: படத்தைத் திரையில் போடாதீர்கள், கையில் கொடுங்கள். அரசியல் சட்டத்தின் மூலப் பிரதி அச்சிட்டதல்ல, கையால் எழுதியது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா நிப்பு தொட்டு எழுதினார். ஓரங்களையும் ஒவ்வொரு பகுதியின் தலைப்புப் படத்தையும் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் தீட்டினார்கள். மொகஞ்சதாரோ காளை முத்திரை, புத்தர், நம்முடைய நடராசர், மாமல்லபுரத்துக் கங்கை இறங்கும் சிற்பம் எல்லாம் அதில் இருக்கின்றன. மூலம் டெல்லியில் நாடாளுமன்ற நூலகத்தில், வாயு நிரப்பிய பேழையில் இருக்கிறது. அதன் படிகள் டேராடூனில் நில அளவைத் துறை அச்சகத்தில் ஆயிரம் அச்சாயின. அந்தப் பக்கங்கள் நல்ல தெளிவோடு இணையத்தில் கிடைக்கின்றன. பன்னிரண்டு பக்கங்களைப் பெரிய தாளில் வண்ணத்தில் அச்செடுத்து, வரிசைக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

திரையில் பார்க்கும்போது மக்கள் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்கள். கையில் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றி, மூக்கருகே வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் படத்தை விட்டுவிட்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். கூச்சப்பட்டவரை வற்புறுத்தி முன்னால் அழைத்தோம். தாளை விளக்கின் கீழே பிடித்து, "இங்கே பாருங்கள், இந்த எழுத்தின் வளைவில் கை நிற்கவே இல்லை. இந்த வரியில் மை தீர்ந்து, மறுபடி தொட்டிருக்கிறார். ஆனால் தடிமன் மாறவில்லை. வரி முடிகிற இடத்தில் எழுத்தை நெருக்கவில்லை, எங்கே முடியும் என்று முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கிறது" என்று விரலால் தொடாமல் காட்டிக்கொண்டே போனார். ராய்ஜாதா கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தம் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்ட செய்தியைச் சொன்னேன். பெரியவர் தாளின் அடியில் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். "எங்கள் பலகைகளிலும் மூலையில் பெயர் போடுவோம் அம்மா" என்றார். அன்றைய பேச்சில் என் பங்கு கால் மணி நேரம்தான். கைத்தொழில் தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால் பேச்சாளர் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

பழைய கட்டடத்தின் தரைத்தளத் தாழ்வாரத்தில் மாவலங்கர் சபாநாயகராக இருந்தபோது தொடங்கிய ஓவியத் தொடரும் உண்டு. மொகஞ்சதாரோவில் ஆரம்பித்து நம் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போகும். அதற்குத் தனியாக ஒரு மாதம் வேண்டும். இன்னும் நான் அதைச் செய்யவில்லை.

இடம், நேரம், மின்விசிறி பற்றிச் சிலது. பேச்சு 45 நிமிடம், கேள்வி 45 நிமிடம். இதற்கு மேல் இழுத்தால் பஸ்ஸுக்கு அவசரப்படுபவர்கள் கேள்வி நேரத்தில் எழுந்துவிடுவார்கள், உயிரே அங்கேதான் இருக்கிறது. மார்கழியில் கூட்டம் வைக்காதீர்கள். சென்னையில் சபா என்றால் அந்த மாதம் கச்சேரிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு ஒரு மாற்றுத் தேதியைத் துண்டறிக்கையிலேயே போட்டுவிடுங்கள். தேர்தல் அறிவித்தால் பொது இடங்கள் கிடைப்பது கடினம். 2024 மார்ச், ஏப்ரல் பேச்சுகளை ஒரு வீட்டு மொட்டைமாடியில் நடத்தினோம். மின்விசிறியைப் போட்டால் குரல் கேட்பதில்லை, நிறுத்தினால் உட்கார முடிவதில்லை. 1996-இல் ஆசிரியர் சுற்றுலாவில் டெல்லி மைய மண்டபத்தைப் பார்த்தேன். அங்கே விசிறிகள் மேலிருந்து தொங்கவில்லை. தரையிலிருந்து தூண் போல எழும்பி, உச்சியில் சுழல்கின்றன. குவிமாடம் அவ்வளவு உயரம். அந்த நினைப்பில் நாங்களும் உத்தர விசிறிகளை நிறுத்திவிட்டு, சுவரோரம் நான்கு நிற்கும் விசிறிகளை வைத்தோம். குரல் தெளிவாகக் கேட்கிறது.

சண்டை வராதா என்று பலர் கேட்கிறார்கள். வரும். செங்கோல் பற்றிப் பேசிய அன்று வந்தது. 1949 செப்டம்பரில் மூன்று நாள் நடந்த மொழி விவாதத்தை எடுத்த அன்று இன்னும் பலமாக வந்தது. இரண்டு நாற்காலிகள் நகர்ந்தன, ஒருவர் வெளியே போய்விட்டார். எனக்குக் கை நடுங்கியது. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். சர்ச்சை உள்ள பேச்சுக்கு முன்பு, உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். செங்கோலுக்கு இப்படி எழுதினேன்: திருவாவடுதுறை ஆதீனத்துக்காக 1947-இல் சென்னையில் உம்மிடி பங்காரு செட்டியார் கடையில் செய்தது, ஆகஸ்ட் 14 அன்று நேருவிடம் அளிக்கப்பட்டது, பிறகு அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது, 2023 மே 28 முதல் மக்களவைத் தலைவர் நாற்காலி அருகில் இருக்கிறது. இதற்கு மேல் பொருள் சொல்ல விரும்புகிறவர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் சொல்லலாம், எதிர்ப்பவருக்கும் மூன்று நிமிடம். கடிகாரம் அந்தப் போட்டித் தேர்வுப் பையன் கையில். மொழி விவாதத்துக்குச் சுவரில் 120-ஆம் பிரிவின் தமிழாக்கத்தையும் சேர்த்தேன்: இந்தியிலோ ஆங்கிலத்திலோ சரிவரப் பேச இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம். மறுமுறை, அன்று வெளியே போனவரும் திரும்பி வந்து, தன் மூன்று நிமிடத்தை வாங்கிக்கொண்டார்.

கடைசியாக, கடற்கரை.

560 அடி விட்டம் என்று நான் சொன்னபோதெல்லாம் யார் முகத்திலும் அந்த அளவு தெரியவில்லை. ஆட்டோ ஓட்டுநர்தான் சொன்னார்: "மணலில் போட்டுப் பார்த்துவிடலாமே அம்மா." கடந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரைக்கு, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் இருபத்து மூன்று பேர் கூடினோம். பாரிமுனையில் வாங்கிய நைலான் கயிறு, 280 அடி. அவர் நடுவில் ஒரு கழியை ஊன்றி முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான்கு பேர் இழுத்துப் பிடித்து நடந்தார்கள். கயிறு நடுவில் தொய்ந்து மணலைத் தொட்டது. இடையிடையே ஆட்கள் நின்று தூக்கிப் பிடித்தோம். பின்னால் ஒருவர் குதிகாலால் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். ஒரு சுற்று முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. ரோந்துக் காவலர் வந்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்.

பிறகு பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக 144 ஈர்க்குச்சிகளை நட்டோம். நடுவில் 98 அடி விட்டத்தில் மைய மண்டபத்தின் குவிமாடத்துக்கு இன்னொரு வட்டம். அதைச் சுற்றி மூன்று மன்றங்கள். கீழவை இருந்த பகுதியில் எல்லோரையும் உட்கார வைத்து, 1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டு வீசியதையும், ஓடாமல் நின்று கைதானதையும் சொன்னேன். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது.

உள்வட்டத்தில் அந்தக் கட்டடக்கலை மாணவி போய் நின்றாள். சபையில் இருந்த பதினைந்து பெண்களில் ஒருவர், ஒரே தலித் பெண், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தாட்சாயணி வேலாயுதன். 1946 டிசம்பரில் அவருக்கு வயது 34. அந்த மாதம் 19-ஆம் தேதி அவர் பேசியதை மாணவி தமிழில் வாசித்தாள். இந்தச் சபை அரசியல் சட்டத்தை மட்டும் ஆக்கித் தருவதில்லை, மக்களுக்கு வாழ்க்கையின் புதிய கட்டமைப்பையும் தருகிறது என்ற இடம் வந்தபோது, வட்டத்தின் வெளிக்கோட்டில் நின்றவர்கள் காதில் விழவில்லை என்று கையசைத்தார்கள். அவள் மறுபடி, இன்னும் உரக்க வாசித்தாள். அலைச் சத்தத்தையும் மீறி அந்த முறை எல்லோருக்கும் கேட்டது. காவலரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியதும் குச்சிகளைப் பொறுக்கினோம். ஆட்டோ ஓட்டுநர் முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே கயிற்றைச் சுற்றிக்கொண்டே வந்து, "புதிய கட்டடம் முக்கோணம் என்றீர்களே அம்மா, அதற்கு எத்தனை அடிக் கயிறு வேண்டும்?" என்று கேட்டார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். குறிப்பேட்டின் இடது பக்கத்தில் கேள்வியை எழுதிக்கொண்டேன். வலது பக்கத்தை இந்த வாரம் தேட வேண்டும்.